கதவுக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

என் வலது கால் பெருவிரல் நகம் மறுபடியும் கறுத்துவிட்டது. காரணம் நீதான். செத்த பிறகும் ஓர் ஆளை நொண்ட வைக்க உன்னால்தான் முடியும்.

நாளை கல்லறைத் திருநாள். பிலோமினா காலையிலேயே காசிமேட்டுக் கல்லறைக்குப் போய்விட்டாள், உன் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிக்க. "திருநாளும் அதுவுமா அவர திட்டி எய்தாதே அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது திட்டினால் நீ சிரித்துக்கொண்டே பீடி பற்றவைப்பாய். இப்போது அந்த வசதி உனக்கு இல்லை. சும்மா கேள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நீ யாரென்று தெரியாது. என் தங்கை பிலோமினாவின் புருஷன். ராயபுரத்துக்காரன். யுத்த காலத்தில் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் கரண்டு வெல்டிங் கற்றுக்கொண்டு, பிறகு திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவன். போன கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நெஞ்சுச் சளி முற்றிக் கண்ணை மூடியவன். நான் பத்திரிகை நிருபர். கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஏனென்று உனக்குத் தெரியும்.

நீ கடைசியாகச் செய்த பெரிய வேலை அந்தக் கோணிக் கொட்டகை. திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கிழிந்த கோணிப்பைகளைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கிற இடம். கூரையைத் தாங்க மரம் இல்லை, கோண இரும்பும் இல்லை. எல்லாம் உருண்டைக் குழாய். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த குழாய்கள். அடியில் ஒரு பெரிய குழாய் நீளமாக ஓடும். அதன் முதுகில் சின்னக் குழாய்கள் சாய்வாக வந்து உட்காரும். உட்காரும் இடத்தைச் சுற்றி வெல்டு. இப்படி முக்கோணம் முக்கோணமாகக் கட்டிய சட்டத்தைப் பட்டறையில் டிரஸ் என்பீர்கள். உப்புக் காற்று உள்ளே போய்த் துருப்பிடிக்கக்கூடாது என்று ஒவ்வொரு குழாயின் முனையையும் தகட்டால் மூடி வெல்டு வைத்தீர்கள். அந்த மூடியை ஞாபகம் வைத்துக்கொள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீ போனபின் பிலோமினா அந்தக் கொட்டகையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவும் மூன்றாவது டிரஸ்ஸுக்கு நேர் கீழே இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெல்டர்கள் எல்லாரும் தாங்கள் போட்ட வெல்டுக்குப் பக்கத்தில் அடையாளமாகப் புள்ளி குத்தி வைப்பீர்களே, உன் புள்ளி நான்கு, சிலுவை மாதிரி. நிமிர்ந்தால் அது கண்ணில் படுமாம். "அவரு போட்ட கூரைக்குக் கீய குந்தினா தெம்பா கீது அண்ணாத்தே" என்றாள். நானும் ரொம்ப நல்லது என்றேன். நல்லதாம்!

ஆவணியில் ஒரு சாயங்கால மழைக்கு மறுநாள் அவள் சொன்னாள்: "யாரு தலையிலயும் சொட்டல. எந்தலையில மட்டும் சொட்டுது. அவருக்கு எம்மேல இன்னா கோவமோ."

போய்ப் பார்த்தேன். சுவரோரமாக நின்று ஒற்றைக் கண்ணால் கூரையின் வரிசையைப் பார்த்தேன். மற்ற டிரஸ்களின் அடிக்குழாய் எல்லாம் நூல் பிடித்தமாதிரி இருந்தன. மூன்றாவது மட்டும் நடுவில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அதற்கு மேலே தகட்டில் தண்ணீர் தேங்கி, ஆணித்துளை வழியாக என் தங்கையின் உச்சந்தலைக்கு வழி கண்டுபிடித்திருந்தது. அவளைச் சுற்றி முப்பது பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உங்கள் பட்டறை மேஸ்திரி இரிசப்பனைக் கூட்டிவந்தேன். ஏணி போட்டு ஏறினான். சுத்தியால் ஒவ்வோர் இணைப்பாகத் தட்டினான்.

"கேட்டுக்கோ சார். கணீர்ங்குது. சவரி போட்ட வெல்டு. ஆனைய கட்டி இஸ்தாலும் வராது."

"இணைப்பு தாங்குமா என்று கேட்கிறேன் இரிசப்பா."

"அத்தான் சார் சொல்லிகினே கீறேன். வெல்டு ஸ்ட்ராங்கு."

"வெல்டைக் கேட்கவில்லையப்பா. இணைப்பு."

"இன்னா சார், பேஜாரு பண்றே. வெல்டு இல்லாத இணைப்பு எங்க கீது?"

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் வெல்டு. மந்திரிமார்களைப் பேட்டி கண்டபோதுகூட எனக்கு இவ்வளவு தலைவலி வந்ததில்லை.

கொட்டகைக்காரர்களின் இஞ்சினியரிடம் போனேன். இளவயசுக்காரர், கெட்டவரல்ல. ஃபைலைத் திறந்து கணக்கைக் காட்டினார். பெரிய குழாய் தேறுகிறது. சின்னக் குழாய் தேறுகிறது. வெல்டும் தேறுகிறது. "புதுக் கூரை கொஞ்சம் இறங்கி உட்காருவது சகஜம் சார்" என்றார். எனக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, மிக மரியாதையாக என்னை வெளியே அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலோமினாவைப் பார்க்க உன் வீட்டுக்கு வந்தேன். உள்ளே காலை வைத்ததும் இடித்தது. வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நீ வைத்துவிட்டுப் போன அந்த இரும்புக்கட்டி. நான் வரும்போதெல்லாம் அதில் இடித்துக்கொள்வேன். ஒவ்வொரு தரமும் உன்னைத் திட்டுவேன். அன்றைக்கு வலி பொறுக்காமல் அதைத் தூக்கித் தெருவில் எறியப் போனேன்.

தூக்கியபோதுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.

ஒரு சாண் நீளத்துக்குப் பெரிய குழாய். அதன் முதுகில் சாய்வாக ஒரு சின்னக் குழாய்த் துண்டு. சுற்றிலும் வெல்டு, முறுக்கு சுற்றினமாதிரி ஒழுங்காக, ஒரு கீறல் இல்லாமல். ஆனால் அந்த வெல்டுக்கு அடியில் பெரிய குழாயின் முதுகு, யாரோ மிதித்த மண்ணெண்ணெய் டின் மாதிரி உள்ளே அமுங்கிக் கிடந்தது. பக்கத்தில் நான்கு புள்ளி. சிலுவை மாதிரி.

"அத்த எறியாதே அண்ணாத்தே!" என்று பிலோமினா ஓடிவந்தாள். "பட்டறையில ஜாக்கி வெச்சி நசுக்கிப் பாத்தாராம். உனுக்குக் காட்டணும்னு கொண்டாந்து வெச்சாரு. நீ தான் வர சொல்லோ எல்லாம் அவசரத்துல வருவே. வாசல்ல வெச்சா எப்பனா நீயே கேப்பேன்னு கதவாண்ட வெச்சாரு."

"எனக்குக் காட்டவா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன்னு சொன்னாரே."

சொன்னாய். சொன்னாய், மச்சான். அப்போது டிராம் ஓடிக்கொண்டிருந்தது. ராயபுரம் டீக்கடையில் நின்றுகொண்டு நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. "இந்த டிரஸ்ஸுல ஆணி நல்லா கீது மச்சான். சொவுருதான் மண்ணு. ஒரு நாளிக்கி வா, காட்றேன்." ஆணி என்றது வெல்டை, சுவர் என்றது குழாயை. பட்டறைச் சங்கதி என்று தலையை ஆட்டிவிட்டு நான் டிராமைப் பிடிக்க ஓடினேன். அந்த டிராமில் ஏறி எங்கே போனேன் என்பதுகூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

சரி, என் குற்றம் கிடக்கட்டும். உன்னுடையதற்கு வருகிறேன். கோயில் பாட்டுக்குழுவுக்கு வருஷா வருஷம் பாட்டுகளை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தவன் நீ. இதை ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா? "பெரிய குழாயின் சுவர் மெலிசு. சின்னக் குழாய் தள்ளினால் முதுகு குழியும். வெல்டு பிடித்துக்கொண்டுதான் இருக்கும், குழாய்தான் போகும்." இவ்வளவுதானே? இரும்பில் செய்து கதவுக்கு வைத்தால் ஊருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அந்தக் கட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். இரிசப்பன் பார்த்தான். முகம் சுருங்கிப்போயிற்று. "இத்தயா சார் இத்தினி நாளா வெச்சிகினு இருந்தான்?" என்றான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

ஏலத்தில் வந்த குழாய்களில் இரண்டு வகை கலந்திருந்தன. வெளிச்சுற்றளவு இரண்டுக்கும் ஒன்றுதான். சுவர் மட்டும் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிசு. அறுத்த துண்டைப் பார்த்துத்தான் நீ கண்டுபிடித்திருக்கிறாய். அதற்குள் பாதிக் குழாய்களுக்கு மூடி போட்டுப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. எது எந்த டிரஸ்ஸில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மூடிக்குள்ளே யார் பார்க்க முடியும்?

"வந்து சொன்னான் சார். இணைப்பு தாங்காது மேஸ்திரின்னான். நான்தான், பயமா இருந்தா இன்னொரு சுத்து வெல்டு போடுடான்னேன். போட்டான்."

போட்டாயே மச்சான்! ஆணி நல்லா கீது என்று சொன்ன நீயே இன்னோர் ஆணி அடித்தாயே! பட்டறையில் எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே மருந்து, இன்னொரு சுற்று வெல்டு. பார்க்கிறவனுக்குக் கொழுகொழு என்று இருக்கும், திருப்தியாக இருக்கும். அந்தக் கொழுத்த வெல்டைப் பார்த்துத்தான் இரிசப்பன் ஆனையைக் கட்டினான், இஞ்சினியர் எனக்குக் காபி கொடுத்தார். மண்சுவர் மண்சுவராகவே இருந்தது. ஏன் போட்டாய்? மேஸ்திரி வார்த்தையைத் தட்டக்கூடாது என்றா? இல்லை, நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்தாயா? இதற்கு நீ பதில் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

இஞ்சினியரின் மேஜையில் கட்டியை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே குழாய்தான் அங்கே இருக்கிறது என்பதற்கு என்ன ருசு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. இரிசப்பன் கைத்துரப்பணத்தை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினான். ஒவ்வொரு டிரஸ்ஸிலும் அடிக்குழாயின் முனையோரம் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டுச் சுவரின் கனத்தைப் பார்த்தான். மூன்றாவது மெலிசு. ஐந்தாவதும் ஏழாவதும் மெலிசு.

இஞ்சினியர் மறுபடி ஃபைலைப் பிரித்தார். மெலிசுக் குழாயை வைத்துக் கணக்குப் போட்டார். நீளவாக்கில் இழுபடும் பாரத்துக்கு அதுவும் தேறியது!

"வெல்டும் தேறியது, குழாயும் தேறியது. குழாயின் முதுகில் வெல்டு உட்காருகிற அந்த ஓர் இடம் தேறியதா என்பதற்கு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டேன்.

பக்கங்களைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். அப்படி ஒரு பக்கம் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எரிச்சல் மட்டும் வந்தது. அவர் ஃபைலை மூடிவைத்துவிட்டு, "எடை ஏற்றிப் பார்த்துவிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு என் கும்பிடு.

விடுமுறை நாள் பார்த்துச் செய்தார்கள். மூன்றாவது டிரஸ்ஸுக்கு அடியில் சவுக்குக் கட்டைகளை வரிசையாக நிறுத்தினார்கள். டிரஸ் கீழே வந்தால் கட்டைமேல் உட்காரவேண்டும், தரைக்கு வரக்கூடாது. பக்கத்தில் தனியாகச் சாரம் கட்டி அதன்மேல் இரிசப்பன். நடுவில் ஒரு தூக்குக்குண்டு தொங்கியது. அதன் பக்கத்தில் கோடு போட்ட ஒரு பலகை. எடைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பிலோமினாதான் சொன்னாள்: "கோணி எங்களாண்ட கீது. மணலு கடலாண்ட கீது. இதுக்கு இன்னா ரோசனை?"

பெண்கள் மணல் நிரப்பித் தைத்துக் கொடுத்தார்கள். காற்று, மழை, கூரைத்தகடு எல்லாம் சேர்த்து இத்தனை மூட்டை என்று இஞ்சினியர் கணக்குச் சொன்னார். இணைப்புக்கு இணைப்பு கயிறு கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். வெளியே வாசலில் நின்ற பெண்களின் வாய் ஓயவில்லை.

"மேஸ்திரி, உன்னியும் ஒரு மூட்டைல போட்டுத் தொங்க வுடவா?"

"அவுரு தொங்கினா கட்டையோட சாஞ்சிடும்டி. வேணாம்."

சிரிப்பு. அதற்குள் இன்னொரு மூட்டை ஏறியது. தூக்குக்குண்டு ஒரு கோடு இறங்கியது. இன்னொரு மூட்டை. அரைக்கோடு. சொன்ன எடையில் கால்வாசி இன்னும் பாக்கி. இஞ்சினியர் என்னைப் பார்த்து இலேசாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உள்ள போவுது சார்!" இரிசப்பனின் குரல் கிறீச்சிட்டது. "கொயாயி உள்ள போவுது!"

"வெல்டு?" என்று கத்தினார் இஞ்சினியர்.

"வெல்டு அப்டியே கீது சார்! முதுகுதான்... முதுகு குயியுது!"

டிரஸ் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு சவுக்குக் கட்டைகளின்மேல் உட்கார்ந்தது. மூட்டைகள் ஆடின. வாசலில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். பிலோமினா மட்டும் உள்ளே நாலடி எடுத்துவைத்தாள். ஆடிக்கொண்டிருந்த ஒரு மூட்டையைக் கையால் காட்டினாள்.

"தோ, அதுக்கு நேர் கீய தான் சார் நான் குந்திகினு தெச்சிகினு இருந்தேன்."

இஞ்சினியர் தன் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு சாரத்தில் ஏறிப் போய், அந்தக் குழியைக் கையால் தடவிப் பார்த்தார். உன் கட்டியில் இருந்த அதே குழி. அதே இடம், அதே சாய்வு.

இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். மூன்று டிரஸ்ஸையும் இறக்கிவிட்டார்கள். நசுங்கிய இடத்தை அறுத்தெறிந்து தடிப்புக் குழாய் போட்டார்கள். மற்ற இணைப்புகளில் சின்னக் குழாயை அறுத்து, பெரிய குழாயின் முதுகில் சேணம் மாதிரி வளைத்த கனத்த தகட்டைப் போர்த்தி, அதன்மேல் உட்காரவைத்தார்கள். வேலையை இரிசப்பனே செய்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை. மேலே ஏற்றுவதற்குமுன் அதேமாதிரி ஒரு மாதிரித்துண்டு செய்து ஜாக்கியில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். இப்போது உங்கள் பட்டறையில் குழாய்க்கு மூடி போடுவதற்குமுன் சுவரின் கனத்தை வெளியே பெயிண்டால் எழுதிவிடுகிறார்கள். எழுத்து படுமோசம். நீ இருந்திருந்தால் அழகாக எழுதியிருப்பாய்.

புது இணைப்புகளில் இரிசப்பன் தன் புள்ளியோடு உன் நான்கு புள்ளியையும் குத்தியிருக்கிறான். வெல்டு போடாதவன் புள்ளி எதற்கு, அது பொய்யல்லவா என்று கேட்டேன். "வெல்டு என்னுது சார். சந்தேகம் அவன்து" என்றான்.

இதையெல்லாம் செய்தியாக எழுதிக்கொண்டு போய் எங்கள் ஆசிரியரிடம் கொடுத்தேன்.

"கூரை விழுந்ததா?"

"இல்லை. கட்டைமேல் உட்கார்ந்தது."

"யாருக்காவது அடி?"

"இல்லை."

"அப்புறம் என்னய்யா செய்தி? விழட்டும், போடலாம்."

வெளியே வந்து ஒரு மணி நேரம் நடந்தேன். விழாத கூரை செய்தியில்லையாம். அதனால்தான் இது கடிதமாக, திருநாள் பக்கத்தில், மெழுகுவத்தி விளம்பரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. படிக்கிறவர்களில் குழாயில் கூரை போடுகிறவர் ஒருவர் இருந்தாலும் போதும்: வெல்டைத் தட்டிப் பார்த்ததோடு இறங்கிவிடாதீர்கள். அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இனி உனக்கு. உன்னை நிறையத் திட்டிவிட்டேன். எழுதவில்லை, சொல்லவில்லை என்றெல்லாம். நீ சொல்லித்தான் இருந்தாய். வாயால் ஒரு தரம் சொன்னாய். இரும்பால், நான் வந்த ஒவ்வொரு தரமும் சொன்னாய். என் கால்விரலில் அடித்துச் சொன்னாய். நான் ஊரெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தேன், உன் வாசலில் கிடந்ததை என்னவென்று கேட்கவில்லை. இஞ்சினியரின் ஃபைலில் ஒரு பக்கம் இல்லை என்று எரிச்சல்பட்டேனே, என் நோட்டில் மட்டும் அது இருந்ததா?

கட்டியைத் தன் மேஜைமேல் வைத்துக்கொள்ள இஞ்சினியர் ஆசைப்பட்டார். பிலோமினா விடவில்லை. "அவருக்குத் தான் கொட்டாயிலயே ஒண்ணு நசுங்கிச்சே, அத்த வெச்சிக்கட்டும். எங்க வூட்டுக் கதவு அடிச்சிகினே கீது" என்றாள். வாங்கிக்கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். அடுத்த ஞாயிறே, வைத்தவன் நானே, மறந்துபோய் இடித்துக்கொண்டேன். நகம் கறுத்த கதை அதுதான்.

அவள் மறுபடி மூன்றாவது டிரஸ்ஸின் கீழேதான் உட்காருகிறாள். போன வாரம் நல்ல மழை. சொட்டவில்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். இனி எவன் என்னை நிறுத்தி "ஒரு நாளிக்கி வா, காட்றேன்" என்றாலும், என்றைக்கு என்று கேட்பேன். அன்றைக்கே போவேன். ஓடுகிற வண்டி ஓடட்டும்.

நாளைக்குச் சுண்ணாம்பு காய்ந்ததும் மெழுகுவத்தியோடு வருகிறேன். மெதுவாகத்தான் நடக்கமுடியும்.

நொண்டிக்கொண்டே வரும்,
உன் பிலோமினாவின் அண்ணன்,
உன் மச்சான்.